முதுமையில் செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஏற்ற சிறிய ஒலிபெருக்கிகள்: தேர்வும் பயன்பாடும்

வீட்டில் உள்ள முதியவர் தொலைக்காட்சியை வழக்கத்தைவிட உரக்க வைக்கத் தொடங்குவதே பல குடும்பங்களில் செவித்திறன் குறைவின் முதல் அறிகுறியாகும். "சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை" என்று அவர் கூறுவார். சிறிது காலத்தில் கேட்பதையே நிறுத்திவிடுவார். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில், தனித்து வாழும் முதியவருக்கு வானொலியும் தொலைக்காட்சியும் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய வேளையில் ஓர் எச்சரிக்கை அறிவிப்பு தெளிவாகக் கேட்பது உயிர் காக்கும் செய்தியாகும்.

பொருத்தமான ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்க உதவும் அடிப்படைச் செய்திகள் இங்கே தரப்படுகின்றன.

முதுமையில் கேட்கும் திறன் எவ்வாறு குறைகிறது?

உட்செவியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் வயது ஏற ஏறச் சிதைகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அமைவதால் அது காதில் விழும். ச, த, ட போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் மிகுதியாக இருப்பதால் அவை நழுவிவிடும். ஆகவே 'காசு', 'காது', 'காடு' ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. மெல்லிய ஒலி கேட்பதில்லை. சற்று உரத்த ஒலியோ காதைத் துளைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வசதியான எல்லை சுருங்கிவிடுகிறது. எனவே ஒலியின் அளவைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. தேவைப்படுவது தெளிவு.

முதலில் பரிசோதனை, பிறகே கொள்முதல்

காதில் இறுகிய குறும்பி கூடக் கேட்கும் திறனைக் குறைக்கும். அதை மருத்துவர் சில நிமிடங்களில் அகற்றிவிடுவார். எண்ணெய் விடுவதும், ஊக்கு, தீக்குச்சி, பஞ்சுக்குச்சி ஆகியவற்றால் குடைவதும் கூடாது. ஆடியோகிராம் எனப்படும் கேட்புத்திறன் பரிசோதனை, எந்தக் காதில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி, நன்கு கேட்கும் காதில் 20 முதல் 35 டெசிபலுக்குட்பட்ட குறைவு லேசானது. 35 முதல் 50க்குட்பட்டது மிதமானது. இந்நிலைகளில் நல்ல ஒலிபெருக்கி ஓரளவு உதவும். அதற்கு மேற்பட்ட குறைவுக்கு ஒலிபெருக்கி மட்டும் போதாது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

• இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வெளிப்படுகிறது. கேட்பவரை நேராக நோக்கும் தனி ஒலிபெருக்கி இணையே இக்குறையைப் போக்கும்.

• உயர் அதிர்வெண்ணுக்கெனத் தனியாக ஒரு சிறு ஒலிவாங்கி அல்லாத ஒலிப்பான், அதாவது டுவீட்டர், ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதா எனப் பாருங்கள். மெய்யொலிகளின் தெளிவு இதைப் பொறுத்தது.

• பெரிய சப்வூஃபருடன் விற்கப்படும் தொகுப்பு திரைப்படப் பாடலுக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் மிகுந்த அடியொலி பேச்சொலியை மூடிவிடும். சப்வூஃபரின் அளவைத் தனியே குறைக்க இயலாத தொகுப்பைத் தவிர்க்கவும்.

• அடியொலி, உச்சஒலி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றும் திருகுகள் தேவை. அடியொலியைக் குறைத்து, உச்சஒலியைச் சிறிது மட்டும் கூட்டவும். அளவு மீறினால் காதை உறுத்தும்.

• பெட்டியின் மீது அச்சிட்ட ஆயிரக்கணக்கான 'பிஎம்பிஓ' வாட் எண்ணைக் கருத வேண்டாம். சிறிய அறையில் அருகில் அமர்ந்து கேட்பதற்கு, பக்கத்திற்கு 10 முதல் 20 வாட் உண்மைத் திறனே போதும்.

• தொலைக்காட்சிக்குக் கம்பி இணைப்பே நல்லது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமானால் உதட்டசைவும் சொல்லும் பொருந்தாது. செவித்திறன் குறைந்தவர் உதட்டசைவைப் பார்த்தே பல சொற்களை ஊகிக்கிறார்.

• ஒரு காதில் மட்டும் குறைவு மிகுதியாக இருந்தால், இரு பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும் 'மோனோ' அமைப்பைப் பயன்படுத்தவும். கைப்பேசிகளின் அணுகல்தன்மை அமைப்பில் இவ்வசதி உள்ளது.

• திருகுகள் பெரியனவாகவும் கையால் தடவி அறியத்தக்கனவாகவும் இருக்கட்டும். மின்தடைக் காலத்திற்கென பேட்டரியில் இயங்கும் வானொலி ஒன்றும் வீட்டில் இருப்பது அவசியம்.

கடையில் செய்யத்தக்க எளிய சோதனை

முதியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாடலைப் போடாமல் தமிழ்ச் செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். அவர் ஒன்றரை மீட்டர் தொலைவில் கண்களை மூடி அமர்ந்து, கேட்ட பத்து வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லட்டும். அடுத்த ஒலிபெருக்கியிலும் அதே ஒலி அளவில் வேறு பத்து வாக்கியங்களைக் கேட்கச் செய்யுங்கள். எதில் பிழை குறைவோ அதுவே அவருக்கு ஏற்றது. விலையோ வாங்கித் தருபவரின் காதோ இதைத் தீர்மானிக்கக் கூடாது.

வீட்டில் வைக்கும் முறை

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்களின் எதிரொலி சேர்வதால் குறைவு சிறிதாக இருப்பினும், அந்த எதிரொலியே சொற்களைக் குழப்பும். எனவே பெட்டிகளைக் கேட்பவருக்கு 1 முதல் 1.5 மீட்டர் தொலைவில், அதே அளவு இடைவெளியில், காதின் உயரத்தில், அவரை நோக்கித் திருப்பி வையுங்கள். மூலையில் வைத்தால் அடியொலி பெருகும். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் உள்ள அறையில் கனத்த திரைச்சீலை, பாய், துணி விரிப்பு ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறி, மிக்ஸி ஆகியவற்றின் இரைச்சலையும் கேட்கும் வேளையில் தவிர்க்கவும்.

பாதுகாப்பான ஒலி அளவு

வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபல் எனில் 4 மணி நேரமே பாதுகாப்பானது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே அறையில் இருக்கும் பேரக்குழந்தைகளின் காதுகளையும் இது காக்கும். ஒலி அளவில் உடன்பாடு இல்லையெனில், முதியவரின் இருக்கைக்கு அருகே ஒலிபெருக்கியைக் கொண்டுசெல்வதே முறை.

காதொலிக் கருவிக்கு மாற்று அன்று

ஒலிபெருக்கி ஓர் இருக்கைக்கு மட்டுமே உதவும். மருந்துக் கடையிலும், பேருந்து நிலையத்திலும், பேத்தியின் தொலைபேசி அழைப்பிலும் அது உடன் வராது. பரிந்துரைக்கப்பட்ட காதொலிக் கருவியை வெட்கத்தால் தள்ளிப்போடாதீர்கள். கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு தனிமைக்கும் மனச்சோர்வுக்கும் வழிவகுக்கிறது. மறதி நோயுடனும் அது தொடர்புடையது.

உதவி பெறும் இடங்கள்

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகவும். தேவையெனில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பப்படுவீர்கள். தகுதியுள்ளோர் காதொலிக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ள 60 வயது நிறைந்தோருக்கு ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தின் கீழும் கருவி வழங்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

• ஓரிரு நாளில் திடீரெனக் கேட்காமல் போதல். இது அவசர நிலை; தாமதித்தால் சிகிச்சையின் பயன் குறையும்.

• ஒரு காதில் மட்டும் குறைவு அல்லது தொடர் இரைச்சல்

• தலைச்சுற்றல், காதில் வலி, சீழ் அல்லது இரத்தம் வடிதல்

• புதிய மருந்து தொடங்கிய பின் கேட்கும் திறன் குறைதல். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

உங்கள் வீட்டு முதியவர் இவ்வாண்டு ஒலியைக் கூட்டி வைக்கிறார் எனில், கடைக்குச் செல்லும் முன் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.