அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஆக்கள்

ஒரு பாட்டைப் போட்டால் நாங்கள் முதலில் பார்க்கிறது பாட்டின் பெயரை, அடுத்தது பாடினவரின் பெயரை. சீடி உறைக்குள் இருக்கிற சின்னப் புத்தகத்தில், பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். எழுதினவரின் பெயர். அதை ஆரும் வாசிக்கிறதில்லை. நாங்களும் வாசிச்சதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொடி எழுத்தைப் பற்றியது.

எங்கள் கூட்டில் ஒருத்தியின் மாமா 1984 இல் லண்டனுக்குப் போனவர். அங்கே ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. விடியச் சாமம் நித்திரை வராமல் இருக்கக் கேட்ட சீடிகளில் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முதல் ஊருக்கு வந்தபோது இங்கே விட்டுவிட்டுப் போனார். 'டைம் பீசஸ்: த பெஸ்ட் ஒஃப் எரிக் கிளாப்டன்'. 1982 இல் வந்த தொகுப்பு, 11 பாட்டுகள். அமெரிக்காவில் மட்டும் பல மில்லியன் விற்ற சாமான். புளூஸ் றொக் கிற்றார் என்றால் பெரியாக்கள் முதல் சொல்லுகிற பெயர் கிளாப்டன். அறுபதுகளில் லண்டன் சுவர்களில் அவரைக் கடவுள் என்றே எழுதி வைத்தார்கள். ஆகவே கடவுளின் சிறந்த 11 பாட்டுகள் என்று நினைத்துத்தான் போட்டோம்.

மழை நாள், கரண்ட் இருந்தது, வேறை வேலை இல்லை. அப்போதுதான் அந்தப் புத்தகத்தை விரித்து அடைப்புக்குறிகளை எண்ணினோம். 11 இல் கிளாப்டன் தனியாக எழுதியது இரண்டே இரண்டு: 'வொண்டர்ஃபுல் டுநைட்', 'லெட் இற் குரோ'. 'லைலா' ட்ரம்ஸ் வாசித்த ஜிம் கோர்டனோடு சேர்ந்து எழுதியது. 'லே டவுன் சாலி' அவருடைய இசைக்குழுவில் இருந்த மார்ஸி லெவி, ஜோர்ஜ் டெரி ஆகியோரோடு எழுதியது. மிச்சம் ஏழும் வேறு ஆக்களுடையவை. பொப் மார்லி ஒன்று, பொப் டிலன் ஒன்று, ஜே. ஜே. கேல் இரண்டு, ஜொனி ஓட்டிஸ் ஒன்று. 'பிரொமிசஸ்' என்கிற பாட்டை எழுதின இரண்டு பேரில் ஒருத்தர் ரொஜர் லின். பிறகு ட்ரம் மெஷின்களை வடிவமைச்சு, ஹிப் ஹொப் உலகத்தையே மாத்தின அதே ஆள். கடைசி ஒன்றுக்கு எழுதினவர் பெயரே இல்லை, 'மரபு' என்று மட்டும்.

ஆருடைய பாட்டையும் ஆரும் பாடலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எஸ்.பி.பி. பாட்டு எழுதினாரா என்று நாங்கள் கேட்கிறதில்லைத்தானே. ஆனால் எங்களுக்கு அது இளையராஜாவின் இசை என்றும் தெரியும், வரி ஆருடையது என்றும் ஓரளவு தெரியும். றொக் இசையில் கதை வேறை. அங்கே பாடுகிறவர் தன் நெஞ்சிலிருந்து எடுத்துத் தருகிறார் என்கிற நம்பிக்கையில்தான் முழு வியாபாரமும் நடக்கிறது. அதனால் பொடி எழுத்து இன்னும் பொடியாகிவிடுகிறது.

இன்னொரு விசித்திரம். புளூஸ் கிற்றார்க் கடவுளின் இந்தத் தொகுப்பில் நேரான புளூஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை. 1966 இல் ஜோன் மேயாலின் இசைக்குழுவில் இருந்தபோது கிளாப்டன் முதன்முதல் தனிக்குரலில் பாடிப் பதிவு செய்தது ரொபர்ட் ஜோன்சனின் ஒரு பாட்டை. 'கிரீம்' குழுவில் அவர் வாசித்த 'க்ரொஸ்ரோட்ஸ்' என்பதும் ஜோன்சனுடையதுதான். மிசிசிப்பியில் 27 வயதில் செத்துப்போன அந்தக் கறுப்பு இளைஞன் இல்லாமல் இந்தக் கடவுள் இல்லை. ஆனால் 1970 இலிருந்து 1978 வரையான பாட்டுகள் மட்டுமே உள்ள இந்தத் தொகுப்புக்குள் அவன் வரவில்லை. கிற்றாரும் பெரிதாக வரவில்லை. ஹெரோயினிலிருந்து மீண்டு 1974 இல் திரும்பி வந்த கிளாப்டன் சத்தத்தைக் குறைத்து, பின்னால் சாய்ந்து இருந்து பாடுகிற மாதிரிப் பாடத் தொடங்கியிருந்தார். அந்தச் சாய்வையும் அவர் ஒருவரிடமிருந்துதான் எடுத்தார்.

அந்த ஒருவர் ஜே. ஜே. கேல். ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சாக்காரர். 'ஆஃப்டர் மிட்நைட்' பாட்டை 1966 இல் சின்ன இசைத்தட்டாக விட்டார், ஒருத்தரும் வாங்கவில்லை. 1970 இல் காசில்லாமல் ஊரில் இருந்து, இசையை விடுவோமா என்று யோசித்துக்கொண்டு இருந்தபோது, காரில் போன நேரம் றேடியோவில் தன்னுடைய பாட்டையே கேட்டார். பாடினது கிளாப்டன். அப்போது அமெரிக்காவில் இருந்தது 1909 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால் பிறகு ஆரும் எழுதினவரின் அனுமதி கேளாமலே அதைப் பதியலாம், விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் 2 சதம் கட்டினால் சரி. அந்த 2 சதத்தையும் பதிப்பாளரோடு பங்கு போட வேண்டும். ஆனால் அல்பம் இலட்சக்கணக்கில் விற்கும்போது அது ஒரு மனிசன் சீவிக்கக் காணும். கேல் அந்த உசாரில் 'நேச்சுரலி' என்கிற தன்னுடைய முதல் அல்பத்தைச் செய்தார். கடைசிவரைக்கும் புகழைத் தேடிப் போகவில்லை. 2006 இல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அல்பம் செய்தார்கள், அதுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 2013 இல் கேல் இறந்தபிறகு அவருடைய பாட்டுகளை மற்றவர்களோடு சேர்ந்து பாடிக் கிளாப்டன் ஒரு நினைவு அல்பமும் விட்டார். அடைப்புக்குறி ஒழுங்காக வேலை செய்த இடம் இது. கிளாப்டனைத் திட்ட ஆசைப்படுகிற எங்களில் சிலர் இதை மறந்துவிடக் கூடாது.

ஒழுங்காக வேலை செய்யாத இடமும் இருக்கு. 'லைலா'வை எடுங்கோ. லைலா மஜ்னு கதை எங்களுக்குப் புதுசில்லை. 12 ஆம் நூற்றாண்டில் நிசாமி பாரசீகத்தில் எழுதிய காவியம். தன் நண்பன் ஜோர்ஜ் ஹரிசனின் மனைவி மேல் வந்த காதலுக்குக் கிளாப்டன் அந்தப் பெயரை எடுத்தார். 1970 இல் மயாமியில் பதிந்தது. தொடக்கத்தில் வருகிற, கேட்ட உடனே நிமிர்ந்து உட்கார வைக்கிற அந்தக் கிற்றார் வரியில் டுவேன் ஓல்மனின் கை இருக்கிறது. அல்பேர்ட் கிங் பாடின ஒரு புளூஸ் பாட்டின் மெட்டை வேகமாக்கினால் அந்த வரி வரும் என்று சொல்வார்கள். ஓல்மன் அடுத்த வருஷமே 24 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். எழுதினவர்கள் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. பாட்டின் இரண்டாம் பாதியில் வருகிற பியானோப் பகுதிக்கு ஜிம் கோர்டனின் பெயர் இருக்கு. ஆனால் அது தானும் கோர்டனும் சேர்ந்து செய்த மெட்டு என்று பாடகி ரீட்டா கூலிட்ஜ் 2016 இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதே குழுவில் இருந்த பொபி விட்லொக்கும் அதை ஒத்துக்கொண்டார். கூலிட்ஜின் பெயரும் அடைப்புக்குறிக்குள் இல்லை.

பெயரே இல்லாத பாட்டு 'ஸ்விங் லோ ஸ்வீட் சாரியட்'. 'மரபு' என்று போட்டால் அது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பாட்டைச் செய்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் வொலஸ் விலிஸ். சொக்டோ பழங்குடியினரிடம் அடிமையாக இருந்த கறுப்பு மனிதர். இன்றைய ஒக்லஹோமாவில் ஒரு பள்ளியில் அவர் வேலை செய்தபோது அவர் பாடியதை அங்கிருந்த பாதிரியார் அலெக்ஸாண்டர் ரீட் கேட்டு, பிறகு ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் குழுவுக்குக் கொடுத்தார். அடிமைகளின் பிள்ளைகளான அந்த மாணவர்கள் 1870களில் அதை உலகம் எல்லாம் கொண்டு போனார்கள். நூறு வருஷம் கழித்துக் கிளாப்டன் ஜமெய்க்காவுக்குப் போய், கிங்ஸ்டனில் அதை றெகே தாளத்தில் பதிந்தார். 1975 இல் பிரித்தானியாவில் அது முதல் இருபதுக்குள் வந்தது. ஒரு அடிமையின் பாட்டு, ஜமெய்க்காத் தாளம், ஆங்கிலேயரின் பெயர். கேலுக்குப் போன 2 சதம் விலிஸின் பரம்பரைக்குப் போக வழியே இல்லை.

இப்ப முதல் பாட்டுக்கு வருவோம். 'ஐ ஷொட் த ஷெரீஃப்'. பொப் மார்லியின் வெய்லர்ஸ் குழு 1973 இல் விட்ட 'பேர்னிங்' அல்பத்தில் இருக்கிறது. பொலிஸைச் சுட்டேன் என்றுதான் எழுத விரும்பினேன், அரசாங்கம் குழப்பும் என்று ஷெரீஃப் என்று மாத்தினேன் என்கிற பொருளில் மார்லி பிறகு சொன்னார். அந்த மாத்தி எழுதுகிற வித்தையை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இதைப் பதியச் சொல்லிக் கேட்டது ஜோர்ஜ் டெரிதான், கிளாப்டனுக்கு அரை மனசு. ஆனால் 1974 செப்டெம்பரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலாம் இடத்துக்குப் போனது. அந்தப் பட்டியலில் கிளாப்டனுக்குக் கிடைத்த ஒரே முதலாம் இடம் அதுதான். அமெரிக்க வெள்ளைக்காரச் சனத்தில் பலர் மார்லி என்ற பெயரை முதன்முதல் தேடினதும் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1976 ஓகஸ்ட் 5, பேர்மிங்ஹாம் ஓடியன் மண்டபம். கிளாப்டன் வெறியில் மேடை ஏறினார். கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர் இருந்தால் கையை உயர்த்துங்கள் என்றார். பிறகு ஈனொக் பவலுக்கு வாக்குப் போடச் சொன்னார், பிரித்தானியா கறுப்பரின் காலனியாகப் போகிறது என்றார், வந்த ஆக்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வசைச் சொற்களும் வந்தன. நாங்கள் அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அதில் ஒன்று தெற்காசியர்களையும் சேர்த்துச் சொல்லுகிற சொல். எங்களுடைய தோலும் அதுக்குள் அடக்கம்.

வெறியில் உளறினது என்று விட்டுவிடலாமா? அந்த வருஷத்தைப் பாருங்கோ. ஜூன் 4 ஆம் திகதி, லண்டன் சவுத்ஹோலில் குர்தீப் சிங் சாகர் என்கிற 18 வயது மாணவனை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. பவல் 1968 இல் குடியேறிகளுக்கு எதிராகத் தன் பேர்போன பேச்சைப் பேசின நகரமும் இதே பேர்மிங்ஹாம்தான். கிளாப்டன் பேசி இரண்டு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20 இல், லண்டன் கிரன்விக் தொழிற்சாலையில் ஜெயாபென் தேசாயும் மற்றத் தெற்காசியத் தொழிலாளர்களும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த நேரத்தில் பிரித்தானியாவில் படிச்சுக்கொண்டும் வேலை செய்துகொண்டும் இருந்தவர்களில் இலங்கைத் தமிழரும் இருந்தார்கள். இப்படியான ஒரு கோடை காலத்தில் மேடையில் ஒலிவாங்கியோடு நிற்கிற நட்சத்திரம் சொல்லுகிற சொல் உளறல் இல்லை.

படப்பிடிப்பாளர் ரெட் சோண்டர்ஸும் ரொஜர் ஹடிலும் இன்னும் சில நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உன்னுடைய இசையில் பாதி கறுப்பருடையது, நீதான் றொக் இசையின் பெரிய காலனித்துவக்காரன் என்றது கடிதம். கடைசியில் ஒரு பின்குறிப்பு: ஷெரீஃபைச் சுட்டது ஆர், எரிக்? நிச்சயமாக நீ இல்லை என்ற கருத்தில். ஆறு வருஷத்துக்குப் பிறகு வரப்போகிற தொகுப்பின் அடைப்புக்குறியைத்தான் அவர்கள் முன்கூட்டியே வாசித்தார்கள் என்று எங்களுக்குப் பட்டது. அந்தக் கடிதத்திலிருந்து பிறந்ததுதான் 'றொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். 1978 ஏப்ரல் 30 இல் ட்ரஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம். அங்கே 'த க்ளாஷ்' பாடினது, பேர்மிங்ஹாம் கறுப்புப் பெடியளின் றெகேக் குழுவான 'ஸ்டீல் பல்ஸ்' பாடினது. 80,000 பேர் வரை வந்ததாகச் சொல்கிறார்கள்.

கிளாப்டன் பல வருஷம் மழுப்பினார், சில நேரம் பவலை நியாயப்படுத்தியும் பேசினார். தன்னைப் பற்றிய ஆவணப்படம் வந்த சமயத்தில், 2018 இல்தான், அந்தப் பேச்சை நினைத்து வெட்கப்படுவதாகச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல். 1982 தொகுப்பில் இதெல்லாம் ஒன்றும் இல்லை, இருக்கவும் மாட்டாது. முதல் பாட்டு ஷெரீஃப், மார்லி இறந்து ஒரு வருஷம், அடைப்புக்குறிக்குள் அவருடைய பெயர்.

சீடியைத் திரும்பப் போடுவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது, இன்னும் முடியவில்லை. 'லைலா'வின் கடைசி நாலு நிமிஷத்தை விட ஏலாது என்று ஒருத்தர். அந்தக் குரலைக் கேட்டாலே ஓடியன் மண்டபம்தான் ஞாபகம் வருகுது என்று இன்னொருத்தர். மற்ற ஒருத்தர் பேசாமல் 'பேர்னிங்' அல்பத்தைத் தேடிப் போட்டுவிட்டார், அதோடு கொஞ்ச நேரம் சத்தம் அடங்கியது.

பிறகு மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தோம். ஓகஸ்ட் 5 கதையைச் சொன்னோம். அவருக்குத் தெரியாது. "எட, உவன் அப்பிடியே சொன்னவன்?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'ஆஃப்டர் மிட்நைட்'தான் அந்த வேலைக்குப் பொருத்தமான பாட்டு, பன்னிரண்டு மணிக்குப் பிறகு அதைத்தான் கூடுதலாகப் போடுறனான் என்றார். அதை எழுதினது வேறை ஆள் மாமா, அவர் பாடினது இன்னும் மெதுவா இருக்கும் எண்டு சொன்னோம்.

"பொறு பிள்ளை, பேனை எடுக்கிறன்" என்றார். "அந்த ஆளின்ரை பேரை இன்னொருக்காச் சொல்லு."