உள்ளக மோடம் நிறுவுதல்

உள்ளக மோடம் என்பது கணினிப் பெட்டியினுள் தாய்ப்பலகையின் விரிவாக்கப் பொருத்துவாயில் செருகப்பட்டு, சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்துடன் இணைக்கும் அட்டை ஆகும். தமிழில் இது இணக்கி எனவும் அழைக்கப்படுகின்றது. கணினியின் இலக்கமுறைத் தரவைத் தொலைபேசிக் கம்பியில் செல்லத்தக்க குறிகையாகப் பண்பேற்றுவதும், மறுமுனையிலிருந்து வரும் குறிகையைப் பண்பிறக்கி மீண்டும் தரவாக மாற்றுவதும் இதன் பணிகளாகும். அகலப்பட்டை பரவுவதற்கு முன்னர் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற நகரங்களில் வீட்டிலிருந்து இணையத்தை அடைவதற்குத் தொலைபேசிக் கம்பியே முதன்மையான வழியாக இருந்தது. அட்டையைப் பொருத்துவது எளிய வேலை. இணைப்பு நிலைத்து நிற்பதும், அட்டை பழுதாகாமல் இருப்பதும், தொலைபேசிக் கட்டணம் கைமீறாமல் இருப்பதும் பெரும்பாலும் கம்பியையும் அதற்கேற்ற அமைப்புகளையும் பொறுத்தவை.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டது. 2000 அக்டோபர் 1 அன்று உருவான பி.எஸ்.என்.எல். நிறுவனம், சஞ்சார்நெட் என்ற பெயரில் தொலைபேசிவழி இணையச் சேவையை வழங்கியது. இதற்கு 172233 என்ற எண்ணைச் சுழற்ற வேண்டும். தனிக் கணக்கு இல்லாமல், அழைக்கும் தொலைபேசி எண்ணைக் கொண்டே கட்டணம் கணக்கிடும் நெட்ஒன் சேவைக்கு 172222 என்ற எண் பயன்பட்டது.

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளன. இரண்டிற்கும் தொலைபேசிக் குறியீட்டு எண் 04563 ஆகும். எனவே ஓர் ஊரிலிருந்து மற்றதை அழைக்கக் குறியீட்டு எண் தேவையில்லை. கணினியின் அழைப்பு விதிகளை அமைக்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வகைகள்

ஐ.எஸ்.ஏ. அட்டைகள்: 1990களின் கணினிகளில் காணப்பட்டவை. பழைய அட்டைகளில் தொடர்முனை எண்ணையும் குறுக்கீட்டு எண்ணையும் சிறு இணைப்பு ஊசிகள் மூலம் கையால் தெரிவு செய்ய வேண்டும். காம்1, காம்3 ஆகியவை வழமையாகக் குறுக்கீட்டு எண் 4 ஐயும், காம்2, காம்4 ஆகியவை 3 ஐயும் பகிர்ந்து கொள்கின்றன. காம்1 இல் சுட்டி இணைந்துள்ள கணினியில் மோடத்தைக் காம்3 இல் அமைத்தால், சுட்டியை அசைக்கும்போது இணைப்பு அறுபடக்கூடும்.

பி.சி.ஐ. அட்டைகள்: இவற்றிற்குத் தேவையான வளங்களைக் கணினியே ஒதுக்கிக் கொள்ளும். இவற்றுள் பெரும்பாலானவை மென்மோடங்கள். பண்பேற்ற வேலையை அட்டையிலுள்ள சில்லு செய்யாமல், கணினியின் மையச் செயலி மென்பொருள் மூலம் செய்கின்றது. இதனால் விலை குறைந்தது. ஆனால் உரிய இயக்கி மென்பொருள் இல்லாவிடில் இவ்வட்டை பயனற்றது. கோனெக்சன்ட், லூசன்ட், மோட்டோரோலா, ஸ்மார்ட்லிங்க் ஆகியவற்றின் சில்லுகளைக் கொண்ட அட்டைகள் பல்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்பட்டன. ஆகவே இயக்கியைத் தேடும்போது பெட்டியின் மேலுள்ள பெயரைவிட அட்டையிலுள்ள சில்லின் எண்ணே முக்கியமானது.

பொருத்தும் முறை

1. கணினியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றவும். தொலைபேசிக் கம்பியை இந்நிலையில் இணைக்கக்கூடாது. அதில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் உண்டு. மணி ஒலிக்கும்போது அதனினும் உயர்ந்த மாறுமின்னழுத்தம் வரும்.
2. பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிய பின்னர் அட்டையை ஓரங்களில் பிடித்து எடுக்கவும்.
3. பொருத்துவாய்க்கு நேரேயுள்ள பின்புறத் தகட்டைக் கழற்றி, அட்டையை நேராக அழுத்திச் செருகித் திருகாணியால் இறுக்கவும்.
4. பெட்டியை மூடிய பின்னர், சுவரிலிருந்து வரும் ஆர்.ஜே.11 கம்பியை 'லைன்' எனக் குறிக்கப்பட்ட துளையில் செருகவும். 'போன்' எனக் குறிக்கப்பட்ட துளை தொலைபேசிக் கருவிக்கு உரியது. இவை இரண்டும் இடம் மாறுவது 'டயல் டோன் இல்லை' என்ற பிழைக்கு ஒரு பொதுவான காரணமாகும்.

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் உள்ள இலக்கமுறை உட்தொலைபேசிக் கம்பியில் மோடத்தை நேரடியாக இணைக்கக்கூடாது. அட்டை பழுதாகக்கூடும். அத்தகைய இடங்களில் தனித் தொலைபேசிக் கம்பி அல்லது சாதாரணக் கருவிக்குரிய நீட்டிப்புக் கம்பி தேவை.

விண்டோசில் அமைத்தல்

விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் தொடக்கியதும் புதிய வன்பொருளைக் கண்டறியும். அப்போது அட்டையுடன் வந்த குறுந்தகட்டிலிருந்து இயக்கியை நிறுவவும். பின்னர் கண்ட்ரோல் பேனலில் 'போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து கீழ்க்காண்பவற்றைச் சரிபார்க்கவும்.

நாடும் குறியீட்டு எண்ணும்: நாடு இந்தியா எனவும், இவ்விரு ஊர்களிலும் பகுதிக் குறியீடு 4563 எனவும் தரவும். முன்னுள்ள சுழியத்தைக் கணினியே தேவைப்படும்போது சேர்க்கும். சென்னையிலோ மதுரையிலோ அமைக்கப்பட்டு வந்த கணினியில் 44 அல்லது 452 என்ற குறியீடு அப்படியே இருக்கலாம். அப்போது அழைப்பு விதிகளுக்கேற்பக் கணினி தவறான எண்ணைச் சுழற்றும். இணைய எண்ணுக்கு அழைப்பு விதிகளைப் பயன்படுத்தாமல் 172233 போன்ற எண்ணை மட்டும் தருவது பாதுகாப்பானது.

ஒலி முறை, துடிப்பு முறை: மின்னணு இணைப்பகங்களில் ஒலி முறையைத் தெரிவு செய்யவும். ஒலி முறையை ஏற்காத பழைய இணைப்பகங்களில் மட்டுமே துடிப்பு முறை தேவைப்பட்டது.

டயல் டோனுக்குக் காத்திருத்தல்: அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகளின் சேர்க்கை. இந்தியாவின் டயல் டோன் 400 ஹெர்ட்சை அடிப்படையாகக் கொண்டது. நாடு தவறாக அமைக்கப்பட்ட மோடம் இதனை இனங்காணாமல் அழைக்க மறுக்கலாம். நாட்டைத் திருத்திய பின்னரும் அழைக்காவிடில், மோடத்தின் பண்புகளில் டயல் டோனுக்குக் காத்திருக்கும் தெரிவை நீக்கவும். ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளையும் இதே வேலையைச் செய்யும்.

'டயக்னாஸ்டிக்ஸ்' பகுதியில் 'கொயரி மோடம்' என்பதைச் சொடுக்கினால், அட்டை பதிலளிக்கின்றதா என அறியலாம். பதில் வந்தால் அட்டையும் இயக்கியும் வேலை செய்கின்றன எனக் கொண்டு, குறையைக் கம்பியிலோ எண்ணிலோ தேடலாம்.

இறுதியாக, 'நெட்வொர்க் கனெக்சன்ஸ்' பகுதியில் புதிய இணைப்பை உருவாக்கி, எண்ணையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தரவும். ஐ.பி. முகவரி தானாகப் பெறப்படுமாறு விடவும். உட்தொலைபேசி வழியாக அழைப்போர் வெளிக்கம்பிக்குரிய எண்ணையும் ஒரு காற்புள்ளியையும் முன்னால் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக 0,172233. காற்புள்ளி பொதுவாக 2 வினாடி இடைநிறுத்தத்தைக் குறிக்கும்.

லினக்சில் அமைத்தல்

தன் வேலையைத் தானே செய்யும் முழு மோடங்களை லினக்ஸ் ஒரு தொடர்முனையாக எளிதில் ஏற்றுக்கொள்ளும். மென்மோடங்களுக்குச் சில்லுக்கு உரிய தனி இயக்கி வேண்டும். இயக்கி அமைந்த பின்னர் கே.பி.பி.பி., டபிள்யூ.வி.டயல் போன்ற மென்பொருட்கள் மூலம் இணையலாம். இயக்கி கிடைக்காத அட்டைகளை வைத்திருந்தோருக்குத் தொடர்முனையில் இணைக்கும் வெளி மோடமே நம்பகமான மாற்றாக இருந்தது.

வேகம்

1998 இல் வெளியான வி.90 தரம் வினாடிக்கு 56 கிலோபிட் வரை பதிவிறக்கவும், 33.6 கிலோபிட் வரை பதிவேற்றவும் வழிசெய்தது. இதற்குச் சேவை வழங்குநரிலிருந்து பயனரின் இணைப்பகம் வரை பாதை முழுவதும் இலக்கமுறையில் இருக்க வேண்டும். இடையில் ஓர் ஒப்புமைப் பகுதி இருந்தாலும் வேகம் 33.6 கிலோபிட்டிற்கு மேல் செல்லாது. இணைப்பகத்திலிருந்து வீடு தொலைவில் இருப்பதும், கம்பி இணைப்புகளில் ஈரம் ஏறுவதும் வேகத்தை மேலும் குறைக்கும். வினாடிக்கு 44 கிலோபிட் வேகத்தில் 1 மெகாபைட் கோப்பிற்கு ஏறத்தாழ 3 நிமிடமும், 28.8 கிலோபிட் வேகத்தில் 5 நிமிடமும் ஆகும்.

பொதுவான பிழைகள்

633: மோடம் வேறொரு மென்பொருளால் பயன்படுத்தப்படுகின்றது அல்லது சரியாக அமைக்கப்படவில்லை.
676: மறுமுனைக் கம்பி பயன்பாட்டில் உள்ளது. சற்று நேரம் கழித்து முயலவும்.
678: மறுமுனை பதிலளிக்கவில்லை. சுழற்றப்பட்ட எண்ணைச் சரிபார்க்கவும்.
680: டயல் டோன் இல்லை. துளை மாறியுள்ளதா, வேறு அறையில் தொலைபேசி எடுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.
691: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.

தொலைபேசிக் கட்டணம்

2000களின் தொடக்கத்தில் தரைவழித் தொலைபேசியின் உள்ளூர் அழைப்புகள் 3 நிமிடத் துடிப்புகளாகக் கணக்கிடப்பட்டன. இணைப்பில் இருக்கும் நேரம் முழுவதும், எதையும் பதிவிறக்காவிடினும், செலவு ஏறும். ஆகவே குறித்த நேரம் செயலற்றிருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பை இயக்கி வைப்பது வழக்கம். மின்னஞ்சலை இணைப்பின்றி எழுதி வைத்து, பின்னர் இணைந்து ஒரேயடியாக அனுப்புவதும் செலவைக் குறைத்தது.

இதனினும் பெரிய இடர், அழைப்பான் எனப்படும் தீநிரல்களால் வந்தது. இவை பயனர் அறியாமல் இணைப்பின் எண்ணை மாற்றி, வெளிநாட்டு எண்களை அழைத்தன. கட்டணப் பட்டியல் வந்த பின்னரே குடும்பத்தினருக்கு இது தெரியவந்தது. தேவையற்ற இடங்களில் பன்னாட்டு அழைப்பு வசதியை இணைப்பகத்தில் பூட்டி வைப்பதும், மோடத்தின் ஒலிபெருக்கியை அணைக்காமல் விடுவதும் பயனுள்ள காப்புகள். எதிர்பாராத நேரத்தில் மோடம் எண்ணைச் சுழற்றும் ஓசை கேட்டால் கம்பியை உடனே கழற்றிவிடலாம்.

இடி மின்னல்

மலையடிவார ஊர்களில் கோடை மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையும் இடியுடன் பெய்வதுண்டு. அருகில் மின்னல் விழும்போது கம்பங்களின் மேல் செல்லும் தொலைபேசிக் கம்பியில் மின்னழுத்தம் திடீரென உயரும். அது மோடத்தையும், சில வேளைகளில் அதன் வழியே தாய்ப்பலகையையும் எரித்துவிடும். யு.பி.எஸ். மின்கம்பியை மட்டுமே காக்கின்றது. தொலைபேசிக் கம்பிக்குத் தனித் துளை உள்ள கருவிகளைத் தவிர மற்றவை இதைத் தடுக்கா. நல்ல நிலத்தொடர்புடன் கூடிய மின்னெழுச்சித் தடுப்பி ஓரளவு உதவும். வானம் இருளும்போதே கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி விடுவதே உறுதியான காப்பாகும். கணினியை நிறுத்துவது மட்டும் போதாது.

இன்றைய நிலை

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 ஜனவரியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியதும், பின்னர் செல்பேசி இணையம் பரவியதும் தொலைபேசிவழி இணைப்பின் தேவையை நீக்கின. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று இச்சேவையை நிறுத்தியது. பழைய கணினிகளைப் பேணுவோருக்கும், கணினிவழித் தொலைநகல் அனுப்புவோருக்கும் உள்ளக மோடம் இன்றும் பயன்படலாம். தொலைபேசிக் கம்பி தொடர்பான மேற்கண்ட எச்சரிக்கைகள் அவர்களுக்கும் பொருந்தும்.