மக்கள்தொகைப் பெருக்கமும் சூழலும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

மக்கள்தொகைக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவை மக்களியல், பொருளியல், சூழலியல், வரலாறு, மானிடவியல், அரசியல் ஆகிய துறைகள் தத்தம் அளவுகோலைக் கொண்டு ஆராய்கின்றன. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரம் அந்த அளவுகோல்களை ஒருசேரப் பொருத்திப் பார்க்க ஏற்ற இடம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் மழை மறைவில் ஊர். கிழக்கே கோவில்பட்டியை நோக்கிக் கரிசல். வற்றாத ஆறு கிடையாது. குளத்தையும் கிணற்றையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பிய விவசாயம். ஊருக்குள் விசைத்தறியும் பூச்சந்தையும். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. இத்தகைய மானாவாரிச் சீமைகளில் தண்ணீர்க் கவலை மட்டும் குறையவில்லை. ஆள் கூடினால் வளம் குறையும் என்ற கணக்கு இங்கேதான் இடிக்கிறது.

மக்களியல்

மக்களியலுக்கு மூலதனம் எண்ணிக்கை. சென்னை மாகாணத்தில் முறையான முதல் கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. 1951 கணக்கெடுப்பின் ஆணையரான ஆர்.ஏ. கோபாலசாமி பிறப்பு மிகுவதை நாட்டின் முதன்மைச் சிக்கலாகக் கண்டவர். பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானபோது கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தரும் முறையை முன்னெடுத்தார். 2011இல் மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி, சங்கரன்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் 30.77 லட்சம். ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1992-93இல் ஏறத்தாழ 2.5, 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1ஐவிட இது குறைவு. ஆனால் குடும்பம் சிறுத்தால் வீடுகளின் எண்ணிக்கை சுருங்காது. கூட்டுக்குடும்பம் பிரிந்தால் அடுப்பும் குழாயும் கூடும். தலைக்கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை.

பொருளியல்

இத்துறையில் இரண்டு மரபுகள் எதிரெதிரே நிற்கின்றன. உணவு உற்பத்தி மக்கள் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்காது என்று மால்தஸ் 1798இல் எழுதினார். நெருக்கடிதான் உழவனைப் புது உத்திக்குத் தள்ளும் என்று டென்மார்க்கின் எஸ்டர் போசரப் 1965இல் மறுத்தார். கிணற்றுப் பாசனத்தின் கதை நெடுங்காலம் போசரப் பக்கமே சாய்ந்தது. கமலை ஏற்றம் போய் ஆயில் என்ஜின் வந்தது, பிறகு மின் மோட்டார், கடைசியில் போர்வெல். ஒவ்வொரு படியிலும் விளைச்சல் கூடியது, நீர்மட்டமும் இறங்கியது. அந்த ஏணிக்கு அடிமட்டம் ஒன்று உண்டு என்பதைப் போசரப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நீர்மட்டம் இறங்கியதற்குக் காரணம் ஆள்தொகையா? 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதற்கு வேறு நல்ல நியாயங்கள் இருந்தன. ஆனால் நிலத்தடி நீரை இறைப்பதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமல் போனது. பொருளியலாளர் முதலில் விரல் நீட்டுவது இங்கேதான், பிள்ளைப்பேற்றை நோக்கியல்ல.

ஊர்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்க்கும் வழக்கம் தென்மாவட்டங்களுக்கு வாய்த்த பேறு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த ஊர்களில் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரமும் அடங்கும். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தனர், பின்வந்தவர்களும் தொடர்ந்தனர். ஒரே ஊரில் மனிதரும் நிலமும் தண்ணீரும் மாறிய விதத்தைப் பல தலைமுறைக்குப் பின்தொடர இவை உதவுகின்றன.

சூழலியல்

பால் எர்லிக் 1968இல் வெளியிட்ட ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ டெல்லித் தெருவொன்றின் நெரிசலில் தொடங்குகிறது. டாக்சிக்கு வெளியே தெரிந்த கூட்டத்தைக் கண்டு அஞ்சியவர், உள்ளே அமர்ந்திருந்தவர்களின் நுகர்வை எடைபோடவில்லை என்ற விமர்சனம் அந்நூலை இன்னும் துரத்துகிறது. 1971இல் அவரும் ஜான் ஹோல்ட்ரனும், தலைக்கணக்கோடு நுகர்வையும் பார்க்கும் சூத்திரத்தை முன்வைத்தனர். தொழில்நுட்பமும் சேர்ந்து, பாதிப்பு இம்மூன்றின் பெருக்கல் என்று அது பின்னர் நிலைபெற்றது. களச் சூழலியல் இதைவிடப் பொறுமையானது. தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குளத்தின் நலத்தை ஊரின் ஆள்தொகையை வைத்து ஊகிக்காமல், வந்திறங்கும் நாரையையும் வாத்தையும் வைத்து அறியும் முறை அது.

வரலாறும் மானிடவியலும்

டேவிட் லடன் 1985இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த பகுதி என்று பிரித்து, குடியேற்றமும் சாதியும் பாசனமும் மண்ணுக்குத் தக்கபடி அமைந்ததைக் காட்டினார். தெலுங்கு பேசும் உழவர்கள் கரிசலில் குடியேறியது இந்த வரலாற்றின் பெரிய அத்தியாயம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவல் அக்குடியேறிகள் காட்டை எரித்து நிலமாக்கியதைச் சொல்கிறது. மக்கள்தொகைக்கும் சூழலுக்குமான உறவை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய ஆய்வுநூல் தமிழில் குறைவு.

பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று காரட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் நிறுவி, 2009இல் நோபல் பரிசு பெற்றார். குடிமராமத்தும் மடை முறையும் அறிந்தவர்களுக்கு ஆஸ்ட்ரம் சொன்னது புதிதல்ல. ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார்: அந்த ஒழுங்கைத் தாங்கி நின்றது சாதி அதிகாரமும் கோயில் மரியாதையும். பழைய முறையை அப்படியே மீட்கலாம் என்பவர்கள் இதைக் கடந்து போக முடியாது.

அரசியல்

கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்கு மருந்தாகப் பிறர் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் பெரியார். இன்று பேச்சு தலைகீழாகியுள்ளது. 1976இல் மாநிலங்களுக்கு இடையிலான மக்களவை இடப் பங்கீடு முடக்கப்பட்டது. அந்த முடக்கம் விலகினால் பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் இடம் இழக்கும் என்ற அச்சத்தில், 2024, 2025 ஆண்டுகளில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் கூடுதல் குழந்தைகள் பற்றிப் பேசினார். விவாதத்தில் மழையும் நிலத்தடி நீரும் அநேகமாக வரவில்லை.

அளவீட்டுச் சிக்கல்

துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாததற்கு எல்லைக்கோடுகளும் காரணம். கணக்கெடுப்பு வட்டம், மாவட்டம் என்று எண்ணுகிறது. நீரியல் படுகை வாரியாக அளக்கிறது. நிட்சேப நதி வழியே சங்கரன்கோவில் வட்டாரம் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. குடிக்க வருவதோ கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர். உள்ளூர் நீர்வளம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டால் குழாயில் வருவது விடுபடும். அதைச் சேர்த்தால் வேறொரு படுகையின் கணக்கு இதில் கலக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், முந்தைய மாவட்டப் புள்ளிவிவரங்கள் எல்லாம் திருநெல்வேலியின் பெயரில் உள்ளன. 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ள கணக்கெடுப்பே தென்காசி மாவட்டத்துக்கு முதலாவது.