மைக் கேபிளில் ஏறிய டிஜிட்டல் ஒலி

ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக்குக்கென்று இழுக்கப்பட்ட கேபிளிலேயே டிஜிட்டல் ஒலியும் போகலாம் என்பது 1985இல் தொழில்முறை விதியானது. நியூயார்க்கில் 1948இல் தொடங்கப்பட்ட ஆடியோ எஞ்ஜினியரிங் சொசைட்டி அந்த ஆண்டு வெளியிட்ட தரநிலைக்கு ஏஇஎஸ்3 என்று பெயர். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியமும் அதையொட்டித் தன் ஆவணத்தை வெளியிட்டது. அதனால் ஸ்டூடியோக்காரர்கள் வாயில் ஏஇஎஸ்/இபியு என்ற இரட்டைப் பெயரே நிலைத்தது.

அந்தக் கேபிள் தொலைபேசியின் வழிவந்தது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள், அவற்றைச் சுற்றிப் பின்னிய செப்பு வலை, இரு முனைகளிலும் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் கனெக்டர். இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் எதிரெதிர்த் திசையில் ஓடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப்போகும். மில்லிவோல்ட் அளவே உள்ள மைக் சிக்னலை நூறு மீட்டர் தொலைவுக்குக் கெடாமல் கொண்டுபோக இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

1980களின் தொடக்கத்தில் வானொலி நிலையங்களின் சுவர்களுக்குள்ளும் தரைக்கடியிலும் இத்தகைய கேபிள் கிலோமீட்டர் கணக்கில் கிடந்தது. காம்பாக்ட் டிஸ்க் 1982இல் விற்பனைக்கு வந்துவிட்டது. ஸ்டூடியோக்களுக்குள் டிஜிட்டல் ரெக்கார்டர்கள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. ஒரு கருவியின் ஒலியை எண் வடிவிலேயே மற்றொன்றுக்குக் கொடுக்கத்தான் பொதுவான வழி இல்லை. சோனியின் எஸ்டிஐஎஃப்-2 முறையில் இடது ஒலிக்கு ஒன்று, வலது ஒலிக்கு ஒன்று, இரண்டையும் ஒத்தியங்கச் செய்யும் கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என மூன்று கோஆக்சியல் கேபிள்கள் வேண்டும். ஏற்கெனவே கம்பி இழுத்து முடித்த கட்டடத்தில் இதைச் செய்வதென்றால் சுவரை மறுபடி உடைக்க வேண்டும்.

பழைய கம்பியில் புதிய சிக்னலை ஏற்றுவதற்குத் தொலைபேசித் துறையில் முன்மாதிரி இருந்தது. பெல் நிறுவனம் 1962இல் சிகாகோ பகுதியில் தொடங்கிய டி1 முறை, எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே பேச்சைச் சுமந்துவந்த அதே முறுக்குக் கம்பிகளில் 24 உரையாடல்களை நொடிக்கு 15.44 லட்சம் பிட் வேகத்தில் அனுப்பியது. பேச்சுக்காக 6,000 அடிக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்த சுமைச் சுருள்களைக் கழற்றி, அதே இடங்களில் துடிப்புகளைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர்களை வைத்தார்கள். புதிய கேபிளுக்காகத் தெருவைத் தோண்டும் வேலை மிச்சமானது.

ஏஇஎஸ்3இன் அமைப்பை உற்றுப் பார்த்தால், கேபிளுக்கு ஏற்ப சிக்னலை வளைத்திருப்பது தெரியும். இடது, வலது ஆகிய இரண்டு ஒலிகளும் மாறி மாறி ஒரே இணையில் போகின்றன. ஒவ்வொரு மாதிரிக்கும் 32 பிட். அதில் ஒலிக்கு அதிகபட்சம் 24. நொடிக்கு 48,000 மாதிரிகள் எனும்போது மொத்த வேகம் நொடிக்கு 30.72 லட்சம் பிட். தனிக் கடிகாரக் கம்பியும் தேவையில்லை. ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் மின்னழுத்தம் ஒருமுறை புரளும். பிட் ஒன்றானால் நடுவிலும் ஒருமுறை புரளும். இந்தப் புரளல்களிலிருந்தே பெறும் கருவி தன் கடிகாரத்தை மீட்டெடுக்கிறது. பைஃபேஸ் மார்க் எனப்படும் இந்தக் குறியீட்டுக்கு இன்னும் இரண்டு நற்குணங்கள் உண்டு. நேர்மின்னோட்டக் கூறு இல்லாததால் சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் வழியே தாராளமாகப் போகும். ஐரோப்பிய ஆவணம் டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டாயமாக்கியது. புரண்டதா இல்லையா என்பதே கணக்கு என்பதால், 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இடம் மாறிச் சாலிடர் செய்யப்பட்டிருந்தாலும் ஒலி சரியாகவே வரும். பழைய கட்டடங்களில் அப்படிப்பட்ட வயரிங் அரிதல்ல. தரநிலையை வகுத்த குழு தன் காலத்து ஸ்டூடியோக்களை நன்றாக அறிந்திருந்தது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

பழைய பழக்கம் ஓரிடத்தில் மட்டும் இடறியது. அனலாக் உலகில் ஒரு வெளியீட்டிலிருந்து நான்கு கருவிகளுக்குக் கிளை பிரிப்பது சாதாரணம். 1985இன் தரநிலையும் அதை அனுமதித்தது: அனுப்பும் முனையின் மின்மறுப்பு 110 ஓம், பெறும் முனை 250 ஓம், ஒரு கம்பியில் நான்கு கருவிகள் வரை. இதன் சிக்கல் அலைநீளத்தில் இருக்கிறது. காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண்ணான 20 கிலோஹெர்ட்ஸில், கேபிளுக்குள் ஓர் அலையின் நீளம் சுமார் 10 கிலோமீட்டர். அதன் முன் நூறு மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே அல்ல. ஏஇஎஸ்3இன் மிகக் குறுகிய துடிப்போ 163 நானோநொடி. 6 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் முப்பது மீட்டரைச் சற்றே தாண்டும். அந்த அளவில் கேபிளின் மின்மறுப்பும் பெறும் முனையின் மின்மறுப்பும் பொருந்தாவிட்டால் துடிப்பின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். 110 ஓம் கேபிள் 250 ஓமில் முடிந்தால் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு திரும்பிப்போய் அடுத்த துடிப்புகளோடு மோதும்.

1992இல் வந்த திருத்தப் பதிப்பு இதைச் சரிசெய்தது. பெறும் முனையும் 110 ஓம் ஆனது. ஓர் அனுப்புநருக்கு ஒரே பெறுநர் என்ற விதி வந்தது. 3 முதல் 10 வோல்ட் வரை இருந்த சிக்னல் அளவு 2 முதல் 7 வோல்ட்டாகக் குறைந்தது.

கேபிளின் குணம் அப்போதும் மாறவில்லை. மைக் கேபிளை அதன் மின்மறுப்பைப் பார்த்து யாரும் தயாரித்ததில்லை. பெரும்பாலும் அது 110 ஓமுக்கு வெகு கீழே நிற்கும். அதன் கம்பிகளுக்கிடையே உள்ள மின்தேக்கமும் அதிகம். அதனால் நீளம் கூடக்கூடத் துடிப்பின் கூர்விளிம்புகள் மழுங்குகின்றன. மழுங்கிய துடிப்பு அடுத்த துடிப்பின் மேல் சாயும்போது, புரளும் கணம் முன்னும் பின்னும் நகர்கிறது. ஜிட்டர் எனப்படும் இந்த நடுக்கம், பிட் ஒன்றும் தவறாத நிலையிலும், மீட்டெடுத்த கடிகாரத்தின் வழியே அனலாக் ஒலியாக மாறும் இடத்தில் கேடு செய்யலாம். 1990களின் தொடக்கத்தில் பொறியாளர்கள் இதைப் பற்றித் தீவிரமாக எழுதினார்கள். கேபிள் மேலும் நீண்டால் நிலைமை சட்டென்று மாறும். அனலாக் ஒலி நீளத்துக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். டிஜிட்டல் ஒலி கடைசி மீட்டர் வரை தெளிவாக இருந்து, பிறகு டிக் டிக் என வெடித்து, அறுந்துபோகும். சில மீட்டர் மைக் கேபிளில் எந்தக் குறையும் தெரியாமல் ஓடிய இணைப்பு, அதே கேபிளின் நீண்ட ஓட்டத்தில் தோற்றது இதனால்தான்.

எனவே 1990களில் எக்ஸ்எல்ஆர் முனை அப்படியே இருக்க, உள்ளே கம்பி மாறியது. நுரைத்த பாலிஎத்திலீன் உறையால் மின்தேக்கத்தைக் குறைத்து, மின்மறுப்பை 110 ஓமில் நிறுத்திய கேபிள்கள் டிஜிட்டலுக்கென்றே வந்தன. தொலைக்காட்சி நிலையங்களோ வேறு வழியில் போயின. அங்கே ஏற்கெனவே கிடந்த 75 ஓம் வீடியோ கேபிளில் 1 வோல்ட் அளவில் இதே சிக்னலை ஓட்டும் முறையும் தரநிலையானது. பின்னர் கணினி வலையமைப்புக்கான 100 ஓம் கேட்5 கேபிளும் ஏற்கப்பட்டது. அதன் முறுக்கும் மின்மறுப்பும் மைக் கேபிளைவிட மிகச் சீரானவை என்பதால், அது ஏஇஎஸ்3ஐ இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனது.