மார்கழி காலையில் 'மக்கர்' பண்ணும் பவர் விண்டோ: பழைய கார்களில் ஏன்? சரி செய்வது எப்படி?

நாங்குநேரி டோல்கேட்டில் பாஸ்டேக் ரீடர் படிக்கவில்லை. ஊழியர் ஏதோ கேட்கிறார். ஸ்விட்சை அழுத்தினால் கண்ணாடி முக்கி முனகி பாதி இறங்கி நின்றுவிடுகிறது. பின்னால் ஹாரன் சத்தம். பத்து, பதினைந்து வருஷமான கார் வைத்திருப்பவர்களுக்கு மழை, பனி காலத்தில் இது பழகிய தலைவலிதான்.

குளிர் மட்டும்தான் காரணமா?

இல்லை. நெல்லையில் கிரீஸ் உறையும் அளவுக்குக் குளிர் கிடையாது. மாஞ்சோலை, ஊத்து பக்கம் அதிகாலையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இங்கே குளிரைவிடப் பெரிய வில்லன் புழுதி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று அள்ளி வரும் மண், கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் போய் உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சேறாகும். மார்கழியில் காய்ந்து இறுகும். வயசான ரப்பரும் விறைத்து, கதவுக்குள் இருக்கும் பழைய கிரீஸும் கெட்டியானால், சின்ன மோட்டார் பாவம் என்ன செய்யும்?

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினை ஆஃப் செய்து ஒரு தடவை, ஸ்டார்ட் செய்து ஒரு தடவை கண்ணாடியை ஏற்றிப் பாருங்க. ஸ்டார்ட் செய்த பிறகு வேகம் நன்றாகக் கூடினால் பேட்டரி மேல் சந்தேகம். நிறுத்தி வைத்த காரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

நாலு கண்ணாடியும் மெதுவா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்தக் கதவில். டிரைவர் ஸ்விட்சில் மெதுவாகவும் அந்தக் கதவின் ஸ்விட்சில் சரியாகவும் ஓடினால், டிரைவர் பக்க ஸ்விட்சின் உள்ளே கரி பிடித்திருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போது மட்டும் வேலை செய்தால், கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கடகட சத்தமோ, கண்ணாடி சாய்ந்து ஏறுவதோ இருந்தால் ரெகுலேட்டர் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கண்ணாடியை முழுசா இறக்கி, ஈரத்துணியை ஒரு தட்டையான குச்சியில் சுற்றி ரப்பர் பள்ளத்தைத் துடைத்து எடுங்க. வரும் செம்மண்ணைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்க. பாதி கார்களுக்கு இதுவே போதும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். புழுதி இன்னும் அதிகமாக ஒட்டும். இன்ஜின் ஆயில் ரப்பரை ஊதிக் கெடுக்கும்.

ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே இருக்காதீங்க. பல மோட்டார்கள் சூடானால் தானே நின்றுவிடும். சில நிமிஷம் விட்டால் திரும்ப ஓடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது ஒயரை எரிக்கும் வேலை.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. அப்படி ஓடும் தண்ணீரில் கார் சிக்கினால், வெளியே நீர் ஏற ஏற அழுத்தத்தில் கதவு திறக்காது. கண்ணாடிதான் வழி, அதுவும் முதல் ஒரு நிமிஷத்துக்குள். சீட் பெல்ட்டைக் கழற்றி, உடனே கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியேற்ற வேண்டும். இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் சுத்தியலால் அடிக்கணும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, அதை உடைப்பது ரொம்பக் கஷ்டம். இதற்கென்றே சின்னக் கூர்முனை சுத்தியல் கடைகளில் கிடைக்கிறது. டிக்கியில் போடாமல் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்க.

வெள்ளத்தில் நின்ற காரா? கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியும் சிறு ஓட்டைகள் இருக்கும். வண்டல் அடைத்திருந்தால் ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்க. உள்ளே தேங்கும் தண்ணீர் மோட்டாரையும் கதவுத் தகட்டையும் சேர்த்தே அரிக்கும்.