ஒரு வட்டில் இரண்டு குடித்தனம்

பாகப்பிரிவினை நடந்த பழைய வீடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கூடத்தின் நடுவே சுவர் எழும், அடுப்பு இரண்டாகும், தெருவாசல் மட்டும் ஒன்றாகவே நிற்கும். வருகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வாசலில் இருப்பவர்தாம் சொல்ல வேண்டும். ஒரே கணிப்பொறியில் பழையதும் புதியதுமாக இரண்டு இயங்குதளங்களைக் குடிவைத்த வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. அடியேன் பொறியியல் பயின்றவனல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட கலைப்பட்டதாரி. ஆயினும் இவ்வரலாற்றை அறிந்தே தீர வேண்டிய ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

வடநாட்டு நகரொன்றில் நம்மவர் நடத்தும் தமிழ்ச் சங்கத்தில், 1990-களின் இறுதியில் ஆண்டு மலர்களை அச்சுக் கோத்த கணிப்பொறி ஒன்று மூலையில் கிடந்தது. அதில் இருந்தது விண்டோஸ் 98. அச்சான மலர்களிற் பல கைக்குக் கை மாறித் தொலைந்துபோயின. எழுத்துக்கள் அந்த வட்டில் மட்டுமே எஞ்சின. பழுது பார்ப்பவர் ஒருவர், “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றலாம்” என்றார். அழித்திருந்தால், ஒரு தலைமுறையின் எழுத்து அன்றே அழிந்திருக்கும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது இச்சிக்கல் எழவில்லை. அதற்கென மூன்று இயங்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. இயந்திரத்துள் நிலையான வட்டு இல்லாததால், வேண்டிய இயங்குதளத்தின் ஃப்ளாப்பியைச் செருகி இயந்திரத்தை எழுப்பினால் போதும். 1983 மார்ச்சில் எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறி 10 மெகாபைட் வன்வட்டோடு வந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில்தான் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டது.

அந்தப் பத்திரம் மிகச் சிறியது. வட்டின் முதற் கூறு 512 பைட் அளவினது. அதில் 446 பைட் வாயிற்காவலனாகிய சிறு நிரலுக்கு. 64 பைட் பாகங்களின் விவரத்திற்கு. எஞ்சிய இரண்டு பைட் முத்திரைக்கு. பாகமொன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்களுக்கே இடமுண்டு. அந்நான்கில் ஒன்றின்மேல் ‘இதுவே நடப்பிலுள்ளது’ என்ற குறி இருக்கும். இயந்திரம் விழித்ததும் பயாஸ் இக்கூற்றைப் படிக்கும். நிரல், குறியிட்ட பாகத்தைத் தேடிக் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். இயந்திரம் எழும் ஒவ்வொரு முறையும் இரண்டிலொரு குடித்தனமே விழித்திருக்கும், மற்றொன்று உறங்கும்.

குறியைக் கையால் மாற்றிக்கொண்டிருப்பது தொல்லையாயிற்று. ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட ஓ.எஸ்./2, டாஸோடு ஒரே வட்டில் வாழும் வழியைப் பின்னர்க் கண்டது. 1992-இல் வந்த அதன் 2.0 பதிப்போடு, தொடக்கத்திலேயே பட்டியல் காட்டி விருப்பத்தைக் கேட்கும் நிரலும் வந்தது. 1993-இல் வெளியான விண்டோஸ் என்.டி. இதனினும் நாகரிகமாக நடந்தது. தன் வாயில் நிரலை வைக்குமுன், பழைய இயங்குதளத்தின் தொடக்கக் கூற்றைப் படியெடுத்து ஒரு கோப்பாகப் பாதுகாத்தது. பயனர் பழையதைக் கேட்டால் அக்கோப்பை எடுத்து இயக்கியது. லினக்ஸைப் பயன்படுத்தியோர் லிலோ, பின்னர் கிரப் என்னும் நிரல்களை வாயிலில் நிறுத்தினர்.

இவ்வரலாறு கற்பிக்கும் விதி ஒன்றுண்டு: பழையது முதலிற் குடியேற வேண்டும், புதியது பின்னர் வர வேண்டும். பின்வந்தவன் முன்வந்தவனை அறிவான். முன்வந்தவனோ தனக்குப்பின் ஒருவன் வருவான் என்று நினைத்ததே இல்லை. விண்டோஸ் 95-ஐயோ 98-ஐயோ பிறகு நிறுவினால், அது வாயிற்கூற்றைத் தன் போக்கில் மாற்றியெழுதும். லினக்ஸ் வீட்டினுள்ளேயே இருக்கும், ஆனால் வழி அடைபட்டுப்போகும். இவ்வாறு வழியிழந்து, எல்லாம் அழிந்ததென்று கலங்கியவர் அநேகர்.

தமிழுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். தமிழ் கணிப்பொறியேறிய வரலாறும் பல குடித்தன வரலாறே. 1991-இல் இஸ்கி என்னும் குறியீடு இந்தியத் தரமாயிற்று. விண்டோஸ் பரவியபோது எழுத்துரு செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துக்களுக்கு எண்களை வகுத்தனர். 1999-இல் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்னும் இரு குறியீடுகளைத் தரமாக்கியது. தமிழுக்கு இடந்தந்த யூனிகோடு 1991 முதலே இருந்தும், மைக்ரோசாஃப்டின் இயங்குதளங்களுள் அம்முறையில் தமிழை முதன்முதலில் ஆதரித்தது 2000-இல் வந்த விண்டோஸ் 2000. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்.

ஆகவே, 1998-இல் அச்சுக் கோத்த கட்டுரையைப் புதிய கணிப்பொறியில் திறந்தால், தலைமேற் புள்ளியும் கோடும் ஏந்திய ஐரோப்பிய எழுத்துக்களே தோன்றும். அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துருவும், எழுதிய மென்பொருளும் பழைய இயங்குதளத்திலேயே வாழ்கின்றன. எங்கள் சங்கத்து மென்பொருளுக்கு அச்சுப்பொறி வாயிலிற் செருகும் சாவியும் தேவைப்பட்டது, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அச்சாவி செல்லவில்லை. மறுபுறம், விண்டோஸ் 98-க்கோ எங்கள் பென்டிரைவ் இன்னதென்றே தெரியவில்லை.

எனவே இரண்டையும் குடிவைத்தோம். முதற்காரியமாக வட்டைக் கழற்றி முழுப் படியொன்று எடுத்தோம். இதனைச் செய்யாமல் யாரும் இம்முயற்சியில் இறங்கலாகாது. அவ்வட்டு முன்பே இரு பாகமாக இருந்தது. முதற் பாகத்து விண்டோஸ் 98-ஐத் தொடாமல், வெறுமையாயிருந்த இரண்டாம் பாகத்தில் எக்ஸ்.பி.யை நிறுவினோம். எக்ஸ்.பி. வழக்கமாக விரும்பும் என்.டி.எஃப்.எஸ். முறையை 98-ஆற் படிக்க இயலாது. ஆதலால் இரு பாகங்களையும் ஃபேட் 32 முறையிலேயே வைத்தோம். அதுவே இருவருக்கும் பொதுக் கூடமாயிற்று. பழையதை எழுப்பி, கட்டுரைகளை எளிய உரைக்கோப்பாகச் சேமித்தோம். பிறகு புதியதை எழுப்பி, அவற்றை யூனிகோடாக மாற்றி வெளியே கொணர்ந்தோம். காலஞ்சென்ற உறுப்பினர் ஒருவர் தம் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதிய கட்டுரை திரையில் தமிழாக விரிந்தபோது, அவர் மகள் அதை உரக்கப் படித்தார். அறையில் வேறு பேச்சில்லை.

இவ்வழி என்றும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டா. பழைய பாகப் பத்திரத்தால், வழக்கமான 512 பைட் கூறுகளுள்ள வட்டில், ஏறத்தாழ இரண்டு டெராபைட்டுக்கு மேல் அளக்க முடியாது. பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் புதுமுறை பெற்றுவிட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதனையே வேண்டுகிறது. பழைய முறைக்கு இடமளிக்காத புதுக் கணிப்பொறிகளில் விண்டோஸ் 98 நேரே குடியேற இயலாது. ஒரு நிரலுக்குள் அமைத்த பாவனைக் கணிப்பொறியிலேயே அதனை இயக்கலாம். பழைய இயந்திரங்களோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு ஊர்தோறும் தமிழ் அச்சகம் வாய்த்ததில்லை; பல சங்கங்களுக்கு இத்தகைய கணிப்பொறியே அச்சகமாயிருந்தது. உங்கள் சங்கத்திலோ வீட்டுப் பரணிலோ அப்படியொன்று இருக்குமாயின், பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். புதியவருக்கு இடந்தர வேண்டியதுதான். அதற்காக உள்ளே உறங்கும் முதியவரை எழுப்பாமல், அவர் சொல்ல வைத்திருப்பதைக் கேளாமல், வீட்டை இடிக்க வேண்டியதில்லை.