தாழ் புவிச் சுற்றுப்பாதையில் வாங்குவோர் யார்?: தனியார் விண்வெளிப் பயணங்களும் வணிக ஆய்வும்

2019 ஜூன் மாதம் நாசா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தைத் தனியார் பயணங்களுக்கும் வணிக முயற்சிகளுக்கும் திறப்பதாக அறிவித்தது. தாழ் புவிச் சுற்றுப்பாதையில் சந்தை ஒன்று உருவாகும், அதில் நாசா பல வாடிக்கையாளர்களுள் ஒருவராக மட்டும் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆக்சியம் ஸ்பேஸ் நிறுவனம் 2022 முதல் 2025 வரை நடத்திய நான்கு பயணங்களையும், விண்வெளி வணிக ஆய்வின் நாற்பதாண்டு அனுபவத்தையும் கொண்டு அந்த எதிர்பார்ப்பை இக்கட்டுரை சோதிக்கிறது. இருக்கைகளை வாங்குவோர் பெரும்பாலும் அரசுகள். விண்வெளியில் பொருள் செய்ய முனைவோருக்கோ மனிதர் இன்றியமையாதவர் அல்லர். ஒரே சந்தையாக எண்ணப்படும் இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதே இதன் வாதம்.

நான்கு பயணங்களுக்கும் தலைமை ஏற்றவர்கள் நாசாவின் முன்னாள் வீரர்களான மைக்கேல் லோபஸ்-அலெக்ரியாவும் பெக்கி விட்சனும். எஞ்சிய இருக்கைகள் பன்னிரண்டு. 2022 ஏப்ரலில் அவற்றுள் மூன்று செல்வந்தர்களுக்குச் சென்றன. இருக்கை ஒன்றின் விலை 5.5 கோடி டாலர் எனச் செய்திகள் கூறின. 2023 மே மாதம் இரண்டு இருக்கைகள் சவூதி அரேபியாவுக்கும் ஒன்று தனிநபருக்கும் போயின. 2024 ஜனவரியில் இத்தாலி, துருக்கி, சுவீடன். 2025 ஜூனில் இந்தியா, போலந்து, ஹங்கேரி. ஆக, பன்னிரண்டில் எட்டு இருக்கைகள் அரசுகளின் சார்பில் நிரம்பின. கடைசி இரு பயணங்களில் சொந்தப் பணத்தில் சென்றவர் ஒருவரும் இல்லை.

நான்காம் பயணத்தின் மூன்று நாடுகளுக்கும் பொதுவான முன்வரலாறு உண்டு. போலந்தின் மிரோஸ்வாவ் ஹெர்மஷெவ்ஸ்கி (1978), ஹங்கேரியின் பெர்த்தலான் ஃபார்க்காஷ் (1980), இந்தியாவின் ராகேஷ் சர்மா (1984) ஆகிய மூவரும் சோவியத் ஒன்றியத்தின் இன்டர்காஸ்மாஸ் திட்டத்தில் விண்ணுக்குச் சென்றவர்கள். அன்று இருக்கை தந்தது நட்பு அரசியல். இன்று தருவது விலைப்பட்டியல். மனிதரை ஏற்றிச் செல்லும் ஊர்தி இல்லாத நாடு தன் குடிமகனை விண்வெளியில் காண விரும்பும் தேவை அப்படியே இருக்கிறது. தனியார்மயமானது விற்கும் பக்கம் மட்டுமே.

வணிக ஆய்வின் கதை வேறு. மெக்டோனல் டக்ளஸ் நிறுவனத்தின் பொறியாளர் சார்லஸ் வாக்கர், 1984-85இல் மூன்று முறை விண்வெளி ஓடத்தில் சென்றார். ஈர்ப்பின் தொல்லையின்றி மின்புலத்தைக் கொண்டு உயிர்மருந்துகளைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது நோக்கம். இலக்குகளுள் ஒன்று, இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின். ஆனால் மரபணுப் பொறியியல் அதைத் தரையிலேயே மலிவாகச் செய்யும் வழியைத் திறந்தது. 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது அப்படித் தரையில் செய்த மருந்துதான்.

அதே பாடம் அண்மையிலும் தென்பட்டது. மெர்க் நிறுவனம் 2017இல் தன் புற்றுநோய் மருந்தான பெம்ப்ரோலிசுமாபை நிலையத்தில் படிகமாக்கியது. தரையில் சிறியதும் பெரியதுமாக இரு அளவுகளில் விளைந்த படிகங்கள், அங்கே ஏறத்தாழ 39 மைக்ரோமீட்டர் அளவில் சீராக அமைந்தன. சிரைவழி ஏற்றும் மருந்தைத் தோலடி ஊசியாக்க இது உதவும் என்ற நம்பிக்கை எழுந்தது. 2025இல் ஒப்புதல் பெற்ற தோலடி வடிவமோ, திசுவைத் தளர்த்தி மருந்துக்கு வழிவிடும் நொதியைச் சேர்த்து உருவானது. விண்வெளிச் சோதனை வீண் என்பதல்ல. படிவும் வெப்பச் சலனமும் படிகத்தை எப்படிக் கெடுக்கின்றன என்பதை அது காட்டியது. அங்கே கிடைத்தது அறிவு, சரக்கு அல்ல.

சரக்கையே நோக்கிச் செல்லும் வார்டா நிறுவனம் 2023 ஜூனில் ஆளில்லாக் கலம் ஒன்றை ஏவி, ரிட்டோனாவிர் மருந்தைப் படிகமாக்கி, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. ஆளின் நடமாட்டம் தரும் அதிர்வும் இல்லை, உயிர்காப்புச் செலவும் இல்லை. நிலையத்தில் ஆளைப் பயன்படுத்தும் செலவு சிறிதன்று: 2021இல் நாசா, வணிகப் பணிக்கான வீரரின் ஒரு மணி நேரக் கட்டணத்தை 17,500 டாலரிலிருந்து 1,30,000 டாலராக உயர்த்தியது. எனினும் வார்டாவின் கலத்தையும் தூய வணிகம் என்று சொல்லிவிட முடியாது. அதன் மறுநுழைவு வேகத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தும் அமெரிக்க விமானப்படையும் அதன் வாடிக்கையாளர்.

எதிர்வாதம் ஒன்றைக் கருத வேண்டும். பழுதைச் சரிசெய்யவும், எதிர்பாராத விளைவைக் கண்டு திசை மாற்றவும் மனிதக் கை வேண்டும். மனித உடலே ஆய்வுப்பொருளாகும் இடங்களும் உண்டு. இந்தியாவின் சுபான்ஷு சுக்லா சென்ற நான்காம் பயணத்தில் 31 நாடுகளைச் சார்ந்த ஏறத்தாழ 60 ஆய்வுகள் இடம்பெற்றன. தசைச் செல், நுண்பாசி, முளைவிடும் பயறு, வெந்தயம் ஆகியவை இந்தியாவின் பங்கு. இவை மதிப்புடையவைதாம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குக் கிடைத்த பயிற்சியும் மதிப்புடையது. ஆனால் இம்மதிப்பு பொது அறிவாகவும் அரசின் திறனாகவும் சேர்கிறது. விற்று மீட்கக்கூடிய இலாபமாக அல்ல.

நிலையம் 2030இல் ஓய்வு பெறவிருக்கையில் இவ்வேறுபாடு கொள்கைக்கு இன்றியமையாதது. 2025 ஆகஸ்டில் நாசா, அடுத்த தனியார் நிலையங்களுக்கான குறைந்தபட்சத் தேவையை, தொடர்ந்து ஆள் இருப்பதிலிருந்து நால்வர் ஒரு மாதம் தங்குவதாகத் தளர்த்தியது. சந்தை எதிர்பார்த்தபடி வளரவில்லை என்பதற்கான மறைமுக ஒப்புதலாக இதைக் கொள்ளலாம். மருந்து உற்பத்தி வருவாயை நம்பி மனிதர் வாழும் நிலையத்தைத் திட்டமிடுவது, உள்ளே வரத் தேவையில்லாத வாடிக்கையாளருக்காக வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். அரசுகள் வாங்கும் இருக்கையைப் பொதுச் செலவென வெளிப்படையாகக் கணக்கில் எழுதி, கல்வியும் ஆய்வும் தரும் பயனைக் கொண்டு அதை அளக்க வேண்டும். ஆளில்லா உற்பத்தியைத் தனியே, அதன் விற்பனையைக் கொண்டு அளக்க வேண்டும்.